கேஸ் போன கலர்

போடிநாயக்கனூர்
4.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அருணா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். இந்த மழையில் உங்கள் முட்டிவலி கூடியிருக்கும். மதினிக்கு இருமல் விட்டதா?

ஒரு செய்தி. சிரிக்காமல் படியுங்கள். நாற்பத்தைந்து வயதில் நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை தொந்தியைக் குறைக்க வாங்கி, நான்கே நாளில் சுவரில் சாத்திவைத்த கியர் சைக்கிள். ஆறு மாதம் துணி காயப்போடத்தான் பயன்பட்டது. ஒருநாள் துணிகளை எடுத்துவிட்டு ஏறிப் பார்த்தேன். இப்போது ஞாயிறுதோறும் சிலமலை, ராசிங்காபுரம் என்று ஐம்பது கிலோமீட்டர் சுற்றி வருகிறேன். நம் வயலைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக மிதிக்கிறேன். குத்தகைக்காரர் தக்காளி போட்டிருக்கிறார்.

தேனியில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. ஜனவரியில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தேனியில் கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறையைத் தொட்டுத் திரும்பி இறங்கி, கூடலூர் வரை போய் மறுபடி தேனி. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். உங்கள் எஸ்டேட்டுக்குப் பிரியும் முக்கு அந்த வழியில்தான் இருக்கிறது. அப்பா போய் ஒன்பது வருடம். அதோடு மலைக்குப் போன நீங்கள் இன்னும் இறங்கவில்லை. நாங்கள் மேலே வந்தாலும், ஏன் வரவில்லை என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஓட்டத்தன்று அந்த முக்கில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதற்காகத்தான் ஏறப்போகிறேன்.

குழுவில் எல்லோரும் வழியில் கலர் சோடா குடிக்கிறார்கள். ராமர் என்று ஒருவர், பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். விடியும்போதே பாட்டில் மூடியைத் திறந்து கேஸைப் போகவிட்டு, சப்பென்று ஆன கலரைத்தான் கொண்டுவருவார். “டீச்சரம்மா, கேஸ் வயித்த உப்ப வைக்கும். நமக்கு இனிப்பு மட்டுந்தான் வேணும்” என்பார். நான் தொடுவதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து நம் வீட்டில் அது விஷம்தானே. நான் கோயம்புத்தூரில் இருந்தபோது அங்கிருந்து மாதாமாதம் அவருக்கு மாத்திரைப் பார்சல் அனுப்பியது இன்னும் நினைவிருக்கிறது. எனக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சையும் போதும்.

பதிலை முனியசாமி ஜீப்பில் கொடுத்துவிடுங்கள். உங்கள் இடத்தில் போனுக்கு டவர் எடுக்காதது ஒரு வகையில் நல்லது. எடுத்தால் உங்கள் கையெழுத்து எனக்குக் கிடைக்காது.

உங்கள்
அருணா


பூப்பாறை ரோடு
13.8.2024

தங்கை அருணாவுக்கு ராஜாராம் எழுதுவது.

முட்டி பரவாயில்லை. உன் மதினிக்கு இருமல் விட்டுவிட்டது, பேச்சு விடவில்லை. மழை விடாமல் பெய்து ஏலச்செடியில் அழுகல் விழுந்திருக்கிறது. மருந்தடிக்க ஆளில்லை. உன் கடிதத்தை முனியசாமி கொடுத்தபோது, “ஒங்க தங்கச்சி முந்தல் ரோட்டுல என் ஜீப்பு கூடப் போட்டி போடுதுண்ணே” என்றான். லோடு ஏற்றிய ஜீப்போடு போட்டி வேண்டாம். வளைவில் அவன் உள்பக்கம்தான் வருவான்.

முக்கில் நிற்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அன்று காய் எடுப்பு இருந்தால் நான் தோட்டத்தை விட்டு வர முடியாது.

கலரைத் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாய். சரி. அதைப் பற்றி எழுதாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ராஜாராம்


போடிநாயக்கனூர்
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு இப்போது நன்றாக இருக்கிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தை முடிக்கும்வரை கவலைப்படாமல் இருப்பீர்கள்.

நேற்று முதல் முறையாகப் போடிமெட்டு ஏறினேன். வயிறு லேசாக இருந்தால் ஏறச் சுலபம் என்று நானே முடிவு செய்து, காப்பியோடு கிளம்பிவிட்டேன். முந்தல் சோதனைச் சாவடி தாண்டி நான்கு வளைவு வரை பாட்டுக்கூட முணுமுணுத்தேன். ஆறாவதில் பாட்டு நின்றது. ஏழாவதில் கை நடுங்கியது. வேர்த்தது. வெயிலுக்கு வேர்ப்பது போல இல்லை. ஓடைத் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றியது போல ஜில்லென்ற வேர்வை. சாலை ஒடுங்கிக்கொண்டே வந்து கடைசியில் முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. அப்புறம் அது எதற்குச் சுற்றுகிறது என்பதும் மறந்துவிட்டது.

எட்டாவது வளைவில் மாங்காய், டீ, கலர் விற்கும் ஒரு தார்ப்பாய்க் கடை. கடைக்கார அம்மா பெயர் சுருளியம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். என்னைப் பிடித்து உட்கார வைத்து, “எந்த ஊரு ஆத்தா?” என்று கேட்டாராம். நான் மிகவும் மரியாதையாக, “ஏழாம் வகுப்பு, பி பிரிவு” என்றேனாம். அவர் ஒரு ஆரஞ்சுக் கலரை உடைத்து நீட்டினார். நான் தள்ளிவிட்டேன். மறுபடி நீட்டினார். “எங்க வீட்ல குடிக்க மாட்டோம்” என்று அழுதேனாம்.

“ஒங்க வீடு கெடக்கு கீழ. மொதல்ல இதக் குடி. பேச்செல்லாம் பெறகு” என்று தாடையைப் பிடித்து ஊற்றிவிட்டார்.

அண்ணே, அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்தது, முழுப் பாட்டிலும் போனது. வெடித்துக் கிடக்கும் வயலுக்குள் முதல் தண்ணீர் பாயும்போது, விரிசலுக்குள் அது இறங்குகிற சத்தம் கேட்குமே, அதைப் போல எனக்குள்ளே எங்கெங்கோ இறங்கியது. முதலில் விரல்கள் என்னுடையவை ஆயின. பிறகு சத்தம் வந்தது. பக்கத்தில் ஒரு குரங்கு மாங்காய்த் தோலைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு என் பெயர். தலையை நிமிர்த்தினால், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடக்கிறது. போடியும் அதைத் தாண்டி நம் ஊர்த் தென்னைகளும். பத்து நிமிடத்துக்கு முன் அதெல்லாம் எனக்கு இல்லவே இல்லை.

குளுக்கோஸின் வாய்ப்பாட்டை இருபது வருடமாகப் பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். அது யார் என்று நேற்றுத்தான் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது. காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மீதி ஒன்பது வளைவையும் ஏறிவிட்டேன்.

எழுதாதே என்றீர்கள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள்
அருணா


போடிநாயக்கனூர்
30.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. முனியசாமியைக் கேட்டால், “கடுதாசியக் கையிலதான குடுத்தேன். நின்ன எடத்துலயே படிச்சாரு. அப்படியே மடிச்சு சட்டப்பைக்குள்ள வச்சுக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள போய்ட்டாரு” என்கிறான். கோபமா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீங்கள் சிரிக்க ஒன்று எழுதுகிறேன். போன ஞாயிறு நானே ஒரு கலர் வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். ராமர் சொன்னபடி கேஸைத் திறந்துவிட மறந்துவிட்டேன். பதினேழு வளைவும் குலுங்கிக் குலுங்கி வந்த பாட்டிலை மெட்டின் உச்சியில் திறந்தால், பீய்ச்சி அடித்து, பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளத்து அம்மா தலையோடு நனைந்துவிட்டார். “சேச்சி, இது என்ன அபிஷேகமா?” என்று அவரே சிரித்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் எறும்பும் ஈயும் எனக்குத் துணை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

அருணா


பூப்பாறை ரோடு
6.10.2024

அருணாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கோபம் இல்லை. மூன்று கேள்விக்குப் பதில் எழுது.

வேர்வை ஜில்லென்று இருந்தது என்றாயே, கையைத் தொட்டால் அடுத்தவருக்கும் அது தெரியுமா?

ஆளை மாற்றிக் கூப்பிடுவது அதனால்தான் வருமா?

குடித்த பின் தெளிய எத்தனை நிமிடம் ஆனது?

ராஜாராம்


போடிநாயக்கனூர்
8.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு நிம்மதி. நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்களும் ஏறிப் பார்க்கப் போகிறீர்களோ என்று அவர் கேட்கிறார். கேள்விகளைப் பார்த்தால் என் மாணவர்களைவிட நன்றாகக் கேட்கிறீர்கள்.

தெரியும். “கை ஐஸ் மாதிரி இருந்துச்சு ஆத்தா, பயந்துட்டேன்” என்று சுருளியம்மாளே சொன்னார். இரண்டாவதும் அதனால்தான். மூளைக்குச் சர்க்கரை ஒன்றுதான் சோறு. அது குறைந்தால் முதலில் வார்த்தையும் பெயரும்தான் குழம்பும். மூன்றாவது, ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டேன். பத்தாவது நிமிடம் எழுந்து நின்றேன்.

எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். கைக்கு அடங்கும் ஒரு பாட்டில், அதில் பாதிக்கு மேல் தண்ணீர், கொஞ்சம் சாயம், நாலைந்து கரண்டி சீனி. அதற்கும் ஒரு ஆளுக்கும் நடுவே ஐந்து நிமிடம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வகுப்பிலும் சொன்னேன். பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்டார்கள்.

ஜனவரி பத்தொன்பது, ஞாயிறு. முக்கில் நிற்பீர்கள்தானே?

அருணா


பூப்பாறை ரோடு
3.11.2024

அருணாவுக்கு மதினி முத்துப்பேச்சி எழுதுறது,

நாங்க இருக்கோம். அஞ்சாப்புப் படிச்ச எழுத்து, தப்பு இருந்தா டீச்சர் மாதிரி செகப்பு மையில சுழிக்காத. நீ கடைசியா எழுதுன கடுதாசிக்குப் பெறகு ஒங்கண்ணன் சரியாச் சாப்புடுறதில்ல. தீவாளிப் பலகாரத்துல ஒரு வாய் வைக்கல. கேட்டா அழுகல் நோயிங்குறாரு. செடிக்கு அழுகல் வந்தா மனுசன் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?

இன்னொன்னும் சொல்றேன். மலைக்கு வந்த நாள்லருந்து இந்த வீட்டுக்குக் கலர் வாங்குனதே இல்ல. சம்பந்தகாரங்க வந்தாக்கூட காப்பிதான். எங்க அண்ணன் மொத மொத வந்தப்ப ஒரு கலர் வாங்கிக் குடுங்கன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. எங்க அண்ணன் இன்னைக்கும் அதச் சொல்லிக் காட்டுறாரு. ஒனக்கு என்னமும் தெரியுமா? தெரிஞ்சா எழுது. இல்லன்னா அவர எழுத வையி. ஒனக்குத்தான் அவரு எழுதுவாரு.

இத அவருக்குத் தெரியாமக் குடுத்து விடுறேன்.

முத்துப்பேச்சி


பூப்பாறை ரோடு
10.11.2024

அருணாவுக்கு,

உன் மதினி எழுதியதை முனியசாமி உளறிவிட்டான். அவனைத் திட்டாதே.

அப்பாவின் கடைசி நாளை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. வயலில் மயங்கினார், நெஞ்சடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அது பொய்யில்லை. அதற்கு முன் கால் மணி நேரம் இருக்கிறது.

சித்திரை வெயில். அன்று விடியும்போதே மோட்டாருக்குக் கரண்டு வந்துவிட்டது. மதியம் வரைதான் இருக்கும், அதற்குள் கத்தரிக்குப் பாய்ச்சிவிட வேண்டும் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டார். பதினோரு மணிக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. தொட்டேன். கை ஜில்லென்று இருந்தது. என்னைத் தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். “கலர் கொண்டா. வெரசாக் கொண்டா” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

நான் நகரவில்லை. களையெடுக்க வந்த ராக்கு பார்க்கப் பொறுக்காமல் ரோட்டுக் கடைக்கு ஓடி ஒரு ஆரஞ்சுக் கலர் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா வாய்க்குக் கொண்டுபோனார். நான் பிடுங்கினேன். “சாகணும்னு ஆசையா ஒங்களுக்கு?” என்று கத்தி, அத்தனையையும் வாய்க்காலில் ஊற்றினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நுரை தண்ணீரோடு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். ஆட்டோ வரும் முன் முடிந்துவிட்டது.

கடைசியாகக் கேட்டதைக் கொடுக்காத பாவி என்று நினைத்துத்தான் மலைக்கு வந்தேன். அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு என்னால் விவசாயம் செய்ய முடியவில்லை. ஒன்பது வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ எட்டாவது வளைவைப் பற்றி எழுதிய பிறகுதான், அவர் ஆசைக்குக் கேட்கவில்லை என்பது தெரிகிறது.

ஐந்து நிமிடம் என்று எழுதினாய். என் கையில் கால் மணி நேரம் இருந்தது.

ராஜாராம்


போடிநாயக்கனூர்
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள். அது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேனியில் ஒரு டாக்டரிடம் போனேன். மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை நோயாளிக்கும் சர்க்கரை இறங்கிப்போகும், அப்போது இனிப்புத்தான் மருந்து என்றார். அன்று நடந்தது அதுதானா, நெஞ்சேதானா, இரண்டுமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். “இது தெரியாத குடும்பங்கள் நிறைய இருக்கும்மா” என்றும் சொன்னார்.

அறிவியல் டீச்சர் வீட்டுக்கே தெரியவில்லை, அண்ணே. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அந்தச் சித்திரைக்கு முந்தின பார்சலில் மாத்திரையோடு ஒரு கடிதம் வைத்த நினைவு. அப்பாவுக்குக் கலர், இனிப்பு ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள், கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள், என்மேல் சத்தியம் என்று எழுதியிருந்தேன். பங்குனியில் அவர் கல்யாண வீட்டில் இரண்டு கலர் குடித்ததைக் கேள்விப்பட்ட கோபத்தில் எழுதியது. அது உங்களுக்கு வந்ததா?

நீங்கள் நகராமல் நின்றது எதனால் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அருணா


பூப்பாறை ரோடு
25.11.2024

அருணாவுக்கு,

அப்படியொரு கடிதம் வரவில்லை. பார்சலில் மாத்திரை மட்டும்தான் இருந்தது. நீ எழுத நினைத்து எழுதாமல் விட்டிருப்பாய். கொடுக்காதது நான் எடுத்த முடிவு. இதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை. இனி இதைக் கேட்காதே.

இரண்டு நாளாகச் சாப்பிடுகிறேன். உன் மதினியை வேண்டுமானால் கேட்டுக்கொள்.

பத்தொன்பதாம் தேதி எத்தனை சைக்கிள் வரும்? எத்தனை மணிக்கு? வெறும் வயிற்றோடு ஏறாதே.

ராஜாராம்


போடிநாயக்கனூர்
22.1.2025

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலுக்குப் போன இடத்தில் உங்கள் அம்மா நன்றாக இருக்கிறார்களா? நீங்கள் திரும்பியிருப்பீர்கள் என்று இதை எழுதுகிறேன். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டி நீங்களே படியுங்கள். அண்ணனைப் படிக்கச் சொல்ல வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அப்பா போனதைப் பற்றி அண்ணன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று முனியசாமி மூலம் அறிந்தேன். ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அப்பாவுக்குக் கலர் கொடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கி எழுதியவள் நான். அந்தக் கடிதம் வரவே இல்லை என்கிறார். போன மாதம் என் பழைய பெட்டியில் அவர் அப்போது போட்ட பதில் கிடைத்தது. ‘மாத்திரையும் கடிதமும் கிடைத்தன. நீ சொன்னபடியே ஒரு வாய்கூடக் கொடுக்க மாட்டேன், கவலைப்படாதே’ என்று எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன். அப்பா இறப்பதற்கு ஆறு நாள் முன்பு.

ஒன்பது வருடமாக அவர் இறங்கி வராதது எதற்கு என்று எனக்கு இப்போது புரிகிறது. வந்தால் நான் கேட்பேன். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். இந்த மலையை எத்தனை முறை வியந்து பார்த்திருக்கிறேன், மதினி. அதைவிடப் பெரியது ஒன்று உங்கள் வீட்டில் முட்டிவலியோடு காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. பதிலைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் எனக்குக் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டதாகவே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இல்லாததால் பார்த்திருக்க மாட்டீர்கள், அதையும் எழுதுகிறேன். இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். எட்டாவது வளைவில் சுருளியம்மாள், “பி பிரிவு, நில்லு” என்று கூப்பிட்டு ஒரு மிடறு ஊற்றித்தான் விட்டார். மெட்டைத் தாண்டிப் பூப்பாறைச் சாலையில் போகும்போது, முன்னால் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ராமர் சைக்கிளை நிறுத்தி ஏப்பம் விட்டார்.

“டீச்சரம்மா, முன்னாடி ஒருத்தர் தலையில துண்டு கட்டிக்கிட்டு ரோட்ட மறிச்சு நிக்கிறாரு. பொட்டி பொட்டியாக் கலர் வச்சிருக்காரு. குடிக்காம ஒரு சைக்கிளையும் விடமாட்டேங்குறாரு. கேஸ் ஒத்துக்காதுண்ணேன்னு சொன்னேன். ‘ஏப்பம் விட்டுட்டுப் போப்பா’ங்குறாரு. எனக்கு ரெண்டு.”

யாரென்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் சாலை போனதே தெரியவில்லை.

முக்கில் அண்ணன் நின்றார். சுற்றிலும் காலிப் பாட்டில்கள். முகம் தெரியாத நாலு பேர் வரிசையாக நின்று, பரிமாறியதை மறுக்க முடியாத விருந்தாளிகள் மாதிரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அப்போதுதான் உடைத்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் மூடியில்லாத ஒரு பாட்டில், வாயில் ஈரத்துணி சுற்றித் தனியாக இருந்தது. ஆரஞ்சு. விடியக்காலையிலேயே திறந்து கேஸைப் போகவிட்டாராம். ஆகஸ்டில் நான் எழுதிய ஒரு வரியை அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்.

“குடி ஆத்தா” என்றார்.

குடித்தேன். சப்பென்று, இளஞ்சூடாக, தித்திப்பாக இருந்தது. முழுவதும் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடலூர் போய்த் தேனிக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் என் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி, அவருடைய இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பது போல நின்றார். பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள். அவர் விடவில்லை.

“சுடுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “நல்லாச் சுடுது” என்றார்.

உங்கள்
அருணா